அம்மன் பாட்டில் விழுந்த வலை

வைகாசி 8, ஞாயிறு

காலையிலேயே அனல். காற்று சுத்தமாக இல்லை. விறகு ஈரம், ஊதி ஊதிக் கண் எரிச்சல். இரண்டு அண்டா சோறு, ஒரு அண்டா மடவை மீன் குழம்பு, ரசம். தெற்கத்தி ஆட்கள் ஐம்பத்திரண்டு பேர், சட்டியை வழித்துவிட்டார்கள். எனக்கும் கூட வேலை செய்யும் கஸ்தூரிக்கும் ரசம்தான் மிச்சம்.

என் மகள் புவனாவின் பழைய ரெக்கார்டு நோட்டில் பாதித் தாள் வெள்ளை. அதில் எழுதுகிறேன். பிள்ளை பொன்னேரியில் காலேஜ், வாரக் கடைசியில்தான் வீடு. ஊரில் என்னோடு பேசுகிறவர்களும் குறைந்துபோனார்கள். எங்கேயாவது கொட்டித்தானே ஆகணும்.

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு தீர்ந்துவிட்டது.

வைகாசி 9, திங்கள்

இன்றைக்கும் காற்று இல்லை. செருப்பு வார் அறுந்தது, ஊக்கு குத்திப் போட்டிருக்கிறேன்.

தண்ணீர்க்கரையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது, என் காதில் விழட்டும் என்றே: "ஏரிய வழிச்சு எடுக்குறவனுங்களுக்கு வட்ச்சு கொட்றாளே, கை கூசல அவளுக்கு?" கூசவில்லைதான். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தது நானா? கடலில் தடைக்காலம் வந்ததும் பதினெட்டு ஃபைபர் போட்டோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்தார்கள். எங்கள் ஊர் நடுமேட்டில் இறங்க இடம் கொடுத்தது கோதண்டம் மாமா. என் வீட்டுக்காரரோடு பிறந்த அண்ணன், ஊருக்குப் பெரியதனம். பக்கத்து ஊர் ஓடைமேட்டுக்காரர்களோடு எல்லைத் தகராறு, மூன்று வருஷமாக. "அவனுங்க கொட்டத்த அடக்கணும்னா நம்ப பக்கம் ஆள் சேரணும்"னு சொல்லித்தான் கொண்டுவந்து வைத்தார். ஊரே கை தட்டியது. இப்போது அந்தப் பொடிக்கண் வலையில் எங்கள் இறால் குஞ்சும் சேர்ந்து போகிறது என்றதும் வயிற்றெரிச்சல். அதை மாமாவிடம் சொல்ல வாய் வராது. சோறாக்குகிறவள்தான் இளப்பம்.

வைகாசி 10, செவ்வாய்

வெயில். மனசும் வெயில்.

ஏரியில் யார் எங்கே வலை விடுவது என்ற இந்த வருஷப் பாட்டுக்குத் தலைக்கட்டுப் பட்டியல் எழுதினார்கள், வீட்டுக்கு ஒரு பேர், கோயில் வாசலில். போய் நின்றேன். என் வீட்டுக்காரர் செத்து இரண்டு வருஷம், இரண்டு வருஷமும் "அடுத்த தபா பாக்கலாம்". இன்றைக்கு முடித்துவிட்டார்கள். ஏழுமலை என்ற அவர் பேர்மேல் கோடு.

"மாமா, சீட்டுல அவரு பேரு இருக்கட்டும். வலைக்கு ஆள் நான் பாத்துக்கறேன்."

"ஆம்பள இல்லாத ஊட்டுக்குப் பாடு எதுக்கு அம்சா? பொண்ணு நாளைக்கு வேற ஊருக்குப் போயிடும். ஊர் சட்டம்மா, நான் இன்னா பண்ண?"

தம்பி பேர்மேல் தன் கையாலேயே கோடு போட்டார். கை கொஞ்சமாவது நடுங்குமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நடுங்கவில்லை.

பாட்டில் பேர் இருந்தால் புவனாவுக்கு இந்த ஊரில் ஒரு வீடு இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் குடியிருப்பவர்கள், அவ்வளவே. தெற்கத்தி ஆட்கள் போன மறுநாள் எனக்கு அடுப்பும் இல்லை.

வைகாசி 11, புதன், அமாவாசை

பகலில் மேகம் மூடி ஒரு சொட்டு இல்லை. புழுக்கம்.

சாப்பாட்டு நேரம் செல்வராசு அடுப்படிக்கே வந்தார். தெற்கத்தி போட்டுகளுக்கெல்லாம் அவர்தான் தலை. என்னைவிட இரண்டு வயசு சின்னவர் இருப்பார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. தட்டை அவரே கழுவி வைப்பார், அது ஒன்றுக்காகவே பிடிக்கும்.

"அக்கா, இந்தப் பாடு பாடுங்கீயளே, அது என்னக்கா?"

சொன்னேன். ஏரியில் நல்ல இடம் கொஞ்சம்தான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை விடலாம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டு. சீட்டு எடுக்கும் முன் ஒவ்வொரு தலைக்கட்டும் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யணும்: பாட்டு விஷயத்தில் தெரிந்ததை மறைக்கவில்லை, மறைக்க மாட்டேன் என்று. அவர் கேட்டுக்கொண்டே இரண்டாம் சோறு போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு அந்தக் கெழக்குப் பள்ளத்துல இழுக்கலாம்னு இருக்கோம்க்கா. யாரு வலையும் இல்ல, சும்மாக் கெடக்கு. ஒண்ணும் பிரச்சனையில்லையே?"

கையில் கரண்டி. குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். அமாவாசைக்கு மறுநாள் பள்ளத்துப் பாடு அம்மனுடையது. அன்றைக்கு ஒரே ஒரு வலை, ஊர் வலை. கிடைப்பது அத்தனையும் ஆடிக் கூழுக்கு. அடையாளம் எதுவும் நடுவதில்லை, இந்த ஏரியில் அது தெரியாதவர் இருந்ததே இல்லை. பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

ரசம் வேணுமா என்று கேட்டேன்.

அவ்வளவுதான். அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

வைகாசி 12, வியாழன்

விடிந்ததும் கூச்சல். ஊர் வலையோடு நம் ஆட்கள் பள்ளத்துக்குப் போனால் ஆறு போட்டு ஏற்கெனவே சுற்றி இழுத்து முடித்து, மீன் எல்லாம் ஐஸ் பெட்டியில். சேறு கலங்கித் தண்ணீர் பழுப்பாக நின்றதாம். பூசாரி கரையிலேயே உட்கார்ந்து அழுதார் என்றாள் கஸ்தூரி.

கஸ்தூரி வேலைக்கு வரவில்லை. சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள். "அம்மன் வாயில மண்ணப் போட்டவனுங்களுக்கு நான் வெங்காயம் அரியமாட்டேன், யக்கா."

அண்டாவைத் தனியாகவே இறக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

நேற்று ஏன் சொல்லவில்லை? மாமாவிடம் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தேன் என்று எழுதலாம். பொய். அவர்கள் இழுக்கட்டும், ஊர் வயிறு எரியட்டும், என் புருஷன் பேர்மேல் கோடு போட்ட கை தலையில் அடித்துக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன். இதற்குமேல் எழுத வரவில்லை.

வைகாசி 13, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. எங்கள் மேட்டில் எங்கே தோண்டினாலும் உப்பு. குடிக்க அக்கரைக்குப்பத்திலிருந்து டிரம்மில் படகு ஏறி வந்தால்தான் உண்டு. அக்கரைக்காரர்கள் இதுவரை இந்தச் சண்டையில் தலையிடாமல், எங்களுக்கும் தெற்கத்தி ஆட்களுக்கும் தண்ணீரும் ஐஸும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மன் பாடு விஷயம் கேட்டதும் நிறுத்திவிட்டார்கள். தண்ணீரோடு நிற்கவில்லை, ஆளையும் ஏற்ற மாட்டார்களாம். "அவனுங்கள வச்சிருக்கற ஊருக்குத் துடுப்பு போட மாட்டோம்."

புவனா போன் செய்தாள். அக்கரை வரைக்கும் வந்து, படகில் ஏற்றாமல் திரும்பி, அனுப்பம்பட்டில் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இன்னாம்மா நடக்குது அங்க?"

"ஒண்ணுமில்ல. படிச்சிகினு அங்கியே இரு."

"நீ சாப்ட்டியா?"

ஐம்பது பேருக்கு ஆக்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது. சிரிப்பு வந்து, அப்புறம் அழுகை வந்துவிட்டது.

முன்னால் ஏரி, பின்னால் கடல், நடுவில் இந்த மண் திட்டு. பொறந்ததிலிருந்து பார்த்ததுதான். இன்றைக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

வைகாசி 14, சனி

ஊர்க் கூட்டம், கோயில் வாசலில். பெண்கள் வேலி ஓரம்.

பூசாரி மகன்தான் முதலில் எழுந்தான். "அன்னிக்கு அந்தப் பள்ளத்துல ஊர் வலை கெளம்பறதுக்கு முன்னாடி போவணும்னு அவனுங்களுக்கு எவன் சொன்னான்? பெரியதனம் சொல்லாம எப்டி தெரியும்?"

அதைத் தொடர்ந்து ஆளாளுக்கு. அம்மன் பாட்டை விற்றுவிட்டார், பங்கு வாங்கியிருப்பார், அவர்தானே கூட்டி வந்தார். ஒரு மாசத்துக்கு முன் கை தட்டிய அதே வாய்கள். மாமா முகம் கருத்துப்போய்விட்டது. "சூடம் கொண்டாங்கடா" என்றார். ஏற்றி, எரிகிறதை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "நான் சொல்லல. சொல்லியிருந்தா என் கண்ணு அவிஞ்சு போவட்டும்."

உண்மையைத்தான் சொன்னார். பாதிப் பேர் நம்பவில்லை.

செல்வராசுவை அழைத்துக் கேட்டார்கள். ஒரு நிமிஷம் அவர் பார்வை வேலிப் பக்கம் வந்தது. ஊர்விலக்கு, புவனா, வீடு, எல்லாம் அந்த ஒரு வாயில்.

"யாரும் சொல்லலைங்க. நாங்களாத்தான் போனோம். தெரியாமச் செஞ்ச தப்பு. அபராதம் போடுங்க, கட்டுதோம்."

அபராதம் வேண்டாம், ஏரியை விட்டுப் போ என்றார்கள். அவர் ஆட்கள் பின்னாலிருந்து கத்தினார்கள்: "எடம் குடுக்கும்போது கசக்கலயா? போமாட்டோம், ஆனதப் பாருங்க!"

வைகாசி 16, திங்கள்

காற்று திரும்பிவிட்டது, தெற்கிலிருந்து மணல் அடிக்கிறது. சோற்றில் மணல். எவனோ திட்டினான். நீயே வந்து ஆக்கு என்றேன்.

நடுப்பகலில் நம்ப முடியாத காட்சி. ஓடைமேட்டுப் படகு நம் கரையில். மூன்று வருஷமாக ஒருத்தர் சாவுக்கு ஒருத்தர் போகாதவர்கள் மாமா வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள், மோருக்குத் தண்ணீரும் அவர்களே கொண்டுவந்தார்களாம். கூட அக்கரைக்காரர்கள். எல்லைத் தகராறை ஓரமாக வைப்பது, மூன்று ஊரும் ஒன்றாக நின்று தெற்கத்தி ஆட்களைக் கிளப்புவது என்று பேச்சு. மாமாவுக்கு வேறு வழி கிடையாது. பழி கழுவணும் என்றால் தான் கொண்டுவந்த படையைத் தானே துரத்தணும்.

நான் வாயைத் திறக்காததால் இத்தனையும். இதை யாரிடம் சொல்லிச் சிரிக்க?

வைகாசி 17, செவ்வாய்

பல் வீங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு. அதற்கு மட்டும் இங்கே பஞ்சமில்லை.

மாமா வந்தார், பின்வாசல் வழியாக. என் வீட்டுக்கு அவர் வந்து இரண்டு வருஷம்.

"அம்சா, அடுப்ப அணச்சிடு. தண்ணி நின்னாச்சு, ஐஸ் நின்னாச்சு. ஆனா அவனுங்க சேத்து வச்ச தண்ணிய வச்சி ஓட்டறானுங்க. சோறு நின்னா ரெண்டே நாளு."

"அணச்சா எனக்கு இன்னா மாமா?"

"ஊருக்காகக் கேக்கறேன்."

"ஊருல நான் இல்லியே. கோடு போட்டுட்டீங்களே."

கையைத் தேய்த்துக்கொண்டார். உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் இன்னும் சிவப்பு. சரி, ஏழுமலை தலைக்கட்டு உன் பேருக்கே வரும் என்றார். ஆனால் ஒன்று: அந்தப் பள்ளத்தை அவர்களுக்குக் காட்டியது பெரியதனம் இல்லை என்று நான் ஊர் முன்னால் சொல்லணும். "நீதான் தினம் அவங்களோட இருந்தவ. நீ சொன்னா நம்புவாங்க."

நிஜம்தானே, அவர் காட்டவில்லை. நிஜம் சொல்ல எதற்கு இவ்வளவு யோசனை?

வைகாசி 18, புதன்

சொல்லிவிட்டேன். "பெரியதனம் மாமா ஒரு வார்த்த சொல்லல. போய் வந்தப்புறம் அவங்க பேசிக்கினது என் காதுல உழுந்தது, அவங்களாத்தான் போனாங்க." சபையில் முதல் முதலாக என் குரல். எல்லோரும் தலையாட்டினார்கள். கஸ்தூரி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

முழு நிஜத்தில் முக்கால் பங்கு. கால் பங்கு இந்த நோட்டில்தான்.

அடுப்பை அணைத்தேன். அண்டாவைக் கவிழ்த்தேன். காலையில் தட்டோடு வந்து நின்றார்கள், போகச் சொன்னேன். ஒருத்தன் கேட்டான், "அக்கா, எங்களுக்கென்னக்கா தெரியும்?" புவனா வயசுதான் அவனுக்கு. கதவைச் சாத்திக்கொண்டேன்.

வைகாசி 20, வெள்ளி

கிளம்பிவிட்டார்கள். பதினெட்டு போட்டும் வரிசையாக முகத்துவாரத்துக்கு. கரையில் விசில். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்த நடையைப் பார்க்கணும், என்னவோ இவர்தான் கையால் தள்ளியதுபோல.

சாயங்காலம் பதினெட்டும் திரும்பி வந்தன. முகத்துவாரம் மூடிவிட்டது. நான்கு நாளாக அடித்த காற்றில் மணல் ஏறி, முழங்கால் தண்ணீர்கூட இல்லை. கடலுக்கு வழி இல்லை. போகச் சொல்கிறோம், போகத்தான் வழியில்லை.

அவர்களும் என்னைப்போல் மாட்டிக்கொண்டார்கள்.

வைகாசி 22, ஞாயிறு

நான்கு நாளாகக் காய்ந்த ரொட்டியும் பச்சை மாங்காயுமாம். நேற்று இரண்டு பேருக்கு வாந்தி. ஓடைமேட்டுப் பையன்கள் போட்டைக் கொளுத்துவோம் என்று திரிகிறார்கள்.

செல்வராசு தனியாக, சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். மூன்று ஊர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். "வழிய வெட்டி விடுங்கய்யா. போயிருதோம். இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டோம்."

முகத்துவாரம் வெட்டுவது ஒரு ஊர் வேலை இல்லை. எப்போதும் எல்லா ஊரும் சேர்ந்துதான் மண் அள்ளணும், அது வழக்கம். மூன்று வருஷமாகச் சேரவில்லை, அதனால்தான் நாலு நாள் காற்றுக்கே மூடிக்கொண்டது. ஓடைமேட்டுப் பெரியவர் எரிந்து விழுந்தார்: "இவனுங்கள தொரத்தறதுக்கு நாம மண்ண வாரணுமா? நல்லா கீது கதை." ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். ஏரிக்கும் மூச்சு வேண்டுமே.

பௌர்ணமிக்குக் கடல் ஏறுவதற்குள் முடிக்கணும்.

வைகாசி 25, புதன்

இரண்டாம் நாளாக மண். முந்நூறு பேர் இருக்கும். மம்முட்டி, கூடை, பழைய கதவுப் பலகைகூட. தெற்கத்தி ஆட்களும் பக்கத்திலேயே நின்று அள்ளுகிறார்கள். யாரும் அவர்களோடு பேசுவதில்லை. கூடை மட்டும் கை மாறுகிறது.

மண் அள்ளும் மூன்று ஊருக்கும் கூழ் நான்தான். அக்கரைத் தண்ணீர் மறுபடி வருகிறது. தெற்கத்தி ஆட்களுக்கு ஊற்றக் கூடாது என்று உத்தரவு. அந்த வாந்தியெடுத்த பையன் கூடையோடு என்னைத் தாண்டித் தாண்டிப் போனான். மூன்றாம் தடவை ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்தேன். மாமா பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வைகாசி 26, வியாழன், பௌர்ணமி

காலை ஏற்றத்தில் வழி உடைந்தது. கடல் தண்ணீர் உள்ளே பாய்ந்தபோது பெண்கள் குலவை. ஓடைமேட்டுப் பெரியவரும் மாமாவும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு இடுப்புத் தண்ணீரில். நாளைக்கே எல்லைக்கு அடித்துக்கொள்வார்கள், அது வேறு.

ஒவ்வொரு போட்டாக வெளியே போனது. செல்வராசு கடைசி. என் அலுமினியக் கரண்டி ஒன்று அவர்கள் கூடாரத்தில் கிடந்ததாம், அதைக் கொடுக்க இறங்கி வந்தார். தேய்த்துப் பளபளவென்று.

சுற்றிலும் ஆள். மெல்லமாகத்தான் சொன்னார்.

"நீங்க சொல்லியிருக்கலாம்லக்கா."

கோபம் இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால் நானும் இரண்டு திட்டியிருப்பேன். கரண்டியை வாங்கிக்கொண்டேன். அவர் ஏறி, இன்ஜினை எடுத்து, போய்விட்டார்.

என்னைக் காட்டிக் கொடுக்காத ஒரே ஆள் அவர்தான்.

வைகாசி 27, வெள்ளி

புவனா வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். இந்த வருஷ ரெக்கார்டு இங்கே மாட்டியதில் பிராக்டிகல் ஒன்று போச்சு, மறுபடி வைப்பார்களாம். மாமா பட்டியலை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். கோடு போட்ட பேருக்குக் கீழே: அம்சவேணி, ஏழுமலை மனைவி. நடுமேட்டில் ஒரு பெண் பேரில் தலைக்கட்டு இதுவே முதல்.

"நைனா இருந்தா டான்ஸ் ஆடியிருக்கும்மா" என்றாள் புவனா.

ஞாயிற்றுக்கிழமை சீட்டு. அதற்கு முன் சத்தியம்.

வைகாசி 28, சனி

துணி துவைத்தேன். நண்டு வாங்கினேன். பல் வலி பரவாயில்லை.

சொல்லிவிட்டால்? பேர் போகும். வீடும் போகும். மாமாவுக்கு என்னைப் பிடித்துக் கொடுத்துப் பெரிய மனுஷன் ஆக இன்னொரு வாய்ப்பு. சொல்லாவிட்டால் அம்மன் இருக்கிறாள். பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுங்கள் என்றாலும் ஏன் என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் துடுப்பு போட்டாலும் சேறு.

புவனா நாளைக்கு எனக்கு என்று நீலப் புடவையை மடித்து வைத்திருக்கிறாள்.

வைகாசி 29, ஞாயிறு

மேகம். கிழக்குக் காற்று, ஜில்லென்று.

என் முறை கடைசி. முன்னால் அறுபது பேர் அணைத்தார்கள், தொட்டதும் தெரியாமல் எடுத்ததும் தெரியாமல். பூசாரி புது சூடம் வைத்தார். ஊரே பார்த்தது. பெண்கள் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள், சந்தோஷத்தில்.

"பாட்டு விஷயத்துல தெரிஞ்சத மறைக்கல. இனிமேலும் மறைக்க மாட்டேன்."

குரல் நடுங்கவில்லை. கை வைத்தேன். வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை. பூசாரிதான் மணிக்கட்டைப் பிடித்து எடுத்துவிட்டார். மாமா சபையில் சத்தமாகச் சொன்னார்: "பாத்தீங்களாடா? இதான்டா சத்தியம்." அவர் உண்மைக்குப் பாதிப் பேர்தான் தலையாட்டினார்கள். எனக்கு எல்லோரும் ஆட்டினார்கள்.

சீட்டு எடுத்தேன். கிழக்குப் பள்ளம். அம்மன் நாளுக்கு அடுத்த நாள். இருப்பதிலேயே நல்ல பாடு.

வீட்டில் புவனா உள்ளங்கையில் பேஸ்ட் தடவிவிட்டாள். ஊதி ஊதித் தடவினாள்.

"எல்லாரும்தான் அணச்சாங்க. உனுக்கு மட்டும் ஏம்மா இப்டி கொப்பளம்?"

அழுத்தி அணச்சிட்டேன் என்றேன்.